அஞ்செட்டி வரை யார் போவது? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பற்றி ஓர் எளிய விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயது நிரம்பாத ஒரு பெண் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்ய வேண்டும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். போன் செய்தபின் யார் வருகிறார்கள், அவர் எந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள், அவர் வந்து போனபின் அந்தப் பிள்ளையை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் விவரம் தெரிந்தவர்களே தயங்குவார்கள். குழந்தைகளுக்கான சேவைக்கு ஆளும் பணமும் போதவில்லை என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது என்பது அந்த விடைகளில்தான் இருக்கிறது.

முதலில் சட்டம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாத எவரும் அதன்படி குழந்தைதான். பெற்றோரை இழந்த பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, வீட்டிலேயே அடி உதைக்கு ஆளாகும் பிள்ளை, பெற்றோர் தீராத நோயில் விழுந்ததால் கவனிக்க ஆளில்லாத பிள்ளை என ஒரு நீண்ட பட்டியலைத் தந்து, இவர்களெல்லாம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்' என்கிறது அந்தச் சட்டம். திருமண வயது வருமுன் கல்யாணம் செய்துவைக்கப்படும் ஆபத்தில் இருக்கும் பிள்ளையும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் இரண்டு மாவட்டங்களுக்கும் அந்த ஒரு வரி மிக முக்கியம்.

இப்படிப்பட்ட குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள குழந்தைகள் நலக் குழுவிடம் இருக்கிறது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும். இறுதி உத்தரவு போடும்போது மூன்று பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்தில் மூன்று இடம் காலியாகிவிட்டால் எந்தக் குழந்தையின் கோப்பும் முடியாது என்பது இந்தக் கடைசி விதியின் மறுபக்கம்.

குழு உட்கார்ந்த இடத்தில் முடிவெடுக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்து, விசாரித்து, எழுதிக் கொண்டுவந்து தர வேறு ஆட்கள் வேண்டும். அவர்கள் இருக்கும் அலுவலகம்தான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. தமிழ்நாட்டில் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறையின் கீழ், மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் இது இயங்குகிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் தலைமையில், குழந்தைகள் இல்லங்களைக் கவனிக்க ஒரு பாதுகாப்பு அலுவலர், குடும்பத்தோடு இருக்கும் குழந்தைகளுக்கென்று இன்னொருவர், சட்டம் தெரிந்த நன்னடத்தை அலுவலர் ஒருவர், மன ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) ஒருவர், சமூகப் பணியாளர் இருவர், புறத்தொடர்புப் பணியாளர் இருவர், பிறகு கணக்கர், தகவல் பகுப்பாளர், தரவு உள்ளீட்டாளர். மொத்தம் சுமார் 12 பேர். 1098 அழைப்பை ஏற்று ஓடும் குழந்தைகள் உதவி மையத்துக்குத் தனி ஆட்கள் உண்டு. அவர்களுடைய வேலை அவசர உதவி.

இந்த 12 பேரை நம் ஊர்க் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 333 ஊராட்சிகள், தருமபுரியில் 251. 2011 கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரியின் மக்கள்தொகை 18.79 லட்சம், தருமபுரி 15.06 லட்சம். ஊர் ஊராகப் போக வேண்டிய புறத்தொடர்புப் பணியாளர்கள் இருவர் என்றால், கிருஷ்ணகிரியில் ஆளுக்கு 166 ஊராட்சிகள். ஒரு வேலை நாளைக்கு ஓர் ஊராட்சி என்று விடாமல் போனாலும் ஒரு சுற்று முடிய ஏழு மாதம் ஆகும். பெரும்பாலான ஊராட்சிகளில் பல குக்கிராமங்கள் இருப்பதையும், தளி, அஞ்செட்டிப் பக்கம் மலைமேல் ஊர்கள் சிதறிக் கிடப்பதையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இவர்கள் செய்யும் வேலை என்ன என்பதை ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு பார்த்தால் விளங்கும். உதாரணத்துக்கு அஞ்செட்டிக்கு மேலே ஒரு குக்கிராமம். அப்பா இறந்துவிட்டார். அம்மா ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளையும் தம்பியும் பாட்டியிடம் இருக்கிறார்கள். பெண் இரண்டு மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை என்று ஆசிரியர் தகவல் கொடுக்கிறார். குழு சமூக விசாரணை அறிக்கை கேட்கிறது. சட்டப்படி அதற்கு 15 நாள் அவகாசம்.

பணியாளர் கிருஷ்ணகிரியில் கிளம்பி ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை வழியாக பஸ் மாறி அஞ்செட்டி போய், அங்கிருந்து மேலே ஏறிப் போகும்போது மதியம் தாண்டிவிடும். பாட்டி கன்னடம் பேசுவார். அந்தப் பக்கம் பல வீடுகளில் கன்னடமோ தெலுங்கோதான் வீட்டுமொழி. தமிழ் மட்டும் தெரிந்த பணியாளர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை நடுவில் வைத்துப் பேச வேண்டும். ஊரார் முன்னால் எந்தப் பாட்டி பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதைச் சொல்வார்? அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் ஊர் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போக வேண்டும். பள்ளியில் வருகைப் பதிவேடு, அங்கன்வாடிப் பணியாளரிடம் நாலு வார்த்தை, பிறகு பெண்ணைத் தனியாக உட்காரவைத்துப் பேச்சு. முதல் தடவையிலேயே எந்தப் பிள்ளையும் மனம் திறந்துவிடாது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை அதே முகம் வந்தால்தான் பேசத் தொடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் சொல்வதையே நிறுத்திவிடும்.

அறிக்கை எழுதியாயிற்று. இந்தக் குடும்பத்துக்கு நிதி ஆதரவு கொடுத்தால் பிள்ளை படிப்பைத் தொடரலாம் என்பது பரிந்துரை. மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக்கரங்கள்' திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் கவனிக்க முடியாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. பணம் இருக்கிறது. அது அந்த வீட்டுக்கு வந்து சேர அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டும், வருமானச் சான்றிதழ் வேண்டும், பள்ளியின் படிப்புச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு வேண்டும். ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு மாதிரி இருக்கும். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தபோது இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழை அங்கேதான் வாங்க வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு அந்த அம்மா எத்தனை நாள் இ-சேவை மையத்திலும் தாலுகா ஆபீசிலும் நிற்க முடியும்? கூட ஓர் ஆள் நின்று முடித்துக் கொடுத்தால்தான் ஆகும். அந்த ஆளின் சம்பளத்தைத்தான் நாம் 'நிர்வாகச் செலவு' என்று தனியாகப் பிரித்து, குறைக்க வேண்டிய ஒன்றாகப் பேசுகிறோம். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் பணியாளரின் நேரம்தான் சேவை. மற்றதெல்லாம் அதன் வழியாகப் போய்ச் சேருபவை.

நிதி ஆதரவுக்கான வருமான வரம்பையும் சொல்ல வேண்டும். மிஷன் வத்சல்யாவில் கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். 72,000 என்றால் நாளுக்கு 200 ரூபாய் கூட இல்லை. தமிழ்நாட்டில் 2025-26இல் நூறு நாள் வேலைக்கான கூலியே 336 ரூபாய். மாதம் முழுக்க வேலை கிடைக்கிற ஒரு கூலித் தாய், கணக்குப்படி இந்த வரம்பைத் தாண்டிவிடுவார். இந்தத் தொகை உயர்த்தப்பட வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். 2009இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் என்று தொடங்கியதுதான் இப்போது மிஷன் வத்சல்யா. செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. 2025-26 மத்திய பட்ஜெட்டில் நாடு முழுவதுக்கும் இதற்கு ஒதுக்கியது 1,500 கோடி ரூபாய். கேட்க பெரிய தொகைதான். அந்த ஆண்டு மத்திய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு 50.65 லட்சம் கோடி. அதாவது அரசு செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 3 பைசா. அதற்கு முந்தைய ஆண்டுகளில் 1,472 கோடியாக நின்றுகொண்டிருந்தது. விலைவாசி நிற்கவில்லை.

இந்தப் பணம் தவணை தவணையாக வருகிறது. முந்தைய தவணையைச் செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்தது. அதை எழுதி அனுப்புவது அலகின் கணக்கர். கணக்கர் பணியிடம் காலியாக இருந்தால் சான்றிதழ் தாமதமாகும், தவணை தாமதமாகும், தவணை வராததால் பணியாளர் சம்பளமும் குழந்தையின் 4,000 ரூபாயும் நிற்கும். ஆள் பற்றாக்குறையும் பணப் பற்றாக்குறையும் ஒன்றுக்கொன்று காரணமாகிவிடுகின்றன. 'ஒதுக்கிய பணத்தையே செலவழிக்கவில்லை, எதற்கு இன்னும் கேட்கிறீர்கள்' என்று ஒரு வாதம் வரும். செலவழிக்க ஆள் இல்லாததால் மிச்சமான பணம் அது என்பதைக் கேட்பவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

சம்பளத்தைப் பார்ப்போம். திட்டத்தில் புறத்தொடர்புப் பணியாளருக்கு மாதம் 10,592 ரூபாய். சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் 18,536. பாதுகாப்பு அலுவலருக்கு 27,804. மாவட்ட நிர்வாகம் வெளியிடும் ஆள்தேர்வு அறிவிப்புகளிலேயே இந்தத் தொகைகள் இருக்கும். கூடவே 'முற்றிலும் தற்காலிகமானது, ஒப்பந்த அடிப்படையிலானது' என்ற வரியும். 10,592ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 353 ரூபாய். சமூகப்பணியில் பட்டமேற்படிப்பு முடித்த ஒருவர் 18,536க்கு வேலைக்குச் சேர்ந்து, மூன்று பஸ் மாறி மலை ஏறி, குழந்தைகளின் மிகக் கொடுமையான அனுபவங்களை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறார். அடுத்த ஆண்டு இந்த வேலை இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. ஓசூரில் வேறு வேலை கிடைத்தால் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவரோடு போவது, எந்தப் பிள்ளை எந்த வீட்டில் எந்த நிலையில் இருக்கிறது என்கிற அறிவு. கோப்பில் அது பாதிகூட இருக்காது.

காலியிடங்களைப் பற்றி உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018 பிப்ரவரி 9 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வு கொடுத்த தீர்ப்பில், இளைஞர் நீதி அமைப்புகளில் உள்ள காலியிடங்களைத் தாமதமின்றி நிரப்ப வேண்டும், பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று சொல்லப்பட்டது. அந்தப் பொதுநல வழக்கு போடப்பட்டது 2005இல்.

நம் பகுதிக்கு இது ஏன் கூடுதலாக வேண்டும் என்பதற்கு வருகிறேன். தருமபுரி என்றால் ஒரு காலத்தில் தமிழ்நாடே பெண் சிசுக்கொலையைத்தான் நினைத்தது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். 2011இல் அது 900ஐத் தாண்டியது. அப்படித் தப்பிப் பிழைத்த தலைமுறைப் பெண் பிள்ளைகள் இன்று வளர்ந்து, படித்து வருகிறார்கள். இப்போது அவர்களை மறிப்பது குழந்தைத் திருமணம்.

தடுத்து நிறுத்துவது என்றால் என்ன நடக்கிறது? 1098க்குத் தகவல் வருகிறது. உதவி மையப் பணியாளர், சமூக நலத் துறையின் ஊர்நல அலுவலர், வி.ஏ.ஓ., போலீஸ் எல்லாரும் போகிறார்கள். வயதுச் சான்று பார்க்கிறார்கள். 18 வயது ஆகும்வரை கல்யாணம் செய்யமாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள். அந்தப் பெண், குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படுகிறாள். மறுநாள் பத்திரிகையில் 'குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தம்' என்று செய்தி வரும். வேலை உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அடுத்த ஒரு வருடத்துக்கு, மாதம் ஒருமுறையாவது யாராவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பெண் பள்ளிக்குப் போகிறாளா, உயர்நிலைப் பள்ளி தூரமாக இருந்தால் விடுதியில் இடம் கிடைத்ததா, வேலைக்கென்று வாங்கிய முன்பணத்துக்காகப் பெற்றோர் மறுபடி வெளியூர் போகிறார்களா என்று பார்க்க வேண்டும். போக ஆளில்லாவிட்டால், நின்றுபோன அதே கல்யாணம் கர்நாடக எல்லைக்கு அப்பால் ஏதாவது ஒரு கோயிலில் சத்தமில்லாமல் நடந்துவிடும். எழுதி வாங்கிய தாள் மட்டும் கோப்பில் இருக்கும்.

ஆற்றுப்படுத்துநர் விஷயமும் அப்படியே. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கப்பட்ட கொடுமை வெளியே வந்தபோது, மாநில அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவோடு, மாணவிகளுக்குத் துணை நிற்க ஒரு பல்துறைக் குழுவையும் தனியாக அமைத்தது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஆனால் செய்தியில் வராத ஒரு பிள்ளைக்கு, ஓர் ஒன்றியத்தின் கோடியில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, அலகில் இருப்பது ஓர் ஆற்றுப்படுத்துநர். பத்து ஒன்றியங்களுக்கும் அவர் ஒருவர்தான்.

பணம் வந்தால் பெரிய காப்பகம் ஒன்று கட்டிவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. இல்லங்கள் தேவைதான், போக இடமே இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. அஞ்செட்டிப் பிள்ளையை இல்லத்தில் சேர்த்தால் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய், அதன்மேல் கட்டடம், காவலர், சமையலர், கண்காணிப்பாளர் செலவு. வீட்டிலேயே வைத்து அம்மாவுக்கு 4,000 கொடுத்தால் பிள்ளைக்குத் தம்பியும் இருப்பான், பாட்டியும் இருப்பார். இரண்டாவது வழிதான் சிக்கனம், அதுவே நல்லதும்கூட. அது நடக்க ஒரே நிபந்தனை, அந்த வீட்டுக்குப் போய்வர ஓர் ஆள் வேண்டும்.

ஓசூரில் இருக்கும் கம்பெனிகளிடமும் இதைச் சொல்லலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்குப் பெஞ்ச், புத்தகப்பை, சுவருக்கு வண்ணம் என்றால் உடனே கிடைக்கும், புகைப்படம் எடுக்கலாம். இரண்டு ஆற்றுப்படுத்துநர்களுக்கு மூன்று வருடச் சம்பளம் என்று யாரும் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. இளைஞர் நீதிச் சட்டமே குழந்தைகளுக்கென்று மாநில அளவில் ஒரு நிதியம் அமைத்து, தனியார் நன்கொடையைப் பெற இடம் தருகிறது. அரசு தன் கடமையிலிருந்து கழன்றுகொள்ள இது சாக்காகிவிடக் கூடாது. அந்த எச்சரிக்கையோடு கேட்கலாம்.

ஆக, வலுப்படுத்துவது என்றால் என்னென்ன? அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் காலி விடாமல் நிரப்புவது. மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று நாடு முழுக்க ஒரே அளவாக வைக்காமல், ஒன்றியத்துக்கு ஒருவர் என்றாவது புறத்தொடர்புப் பணியாளர்களைக் கூட்டுவது. தளி, கெலமங்கலம் ஒன்றியங்களுக்குக் கன்னடமோ தெலுங்கோ தெரிந்தவரையும், தருமபுரியின் சித்தேரி மலைக்கு அங்குள்ள பழங்குடி மக்களில் படித்த ஒருவரையும் எடுப்பது. ஒப்பந்தத்தை ஆண்டுக்காண்டு தொங்கவிடாமல், அனுபவத்துக்கு ஏற்பச் சம்பளம் உயர்த்துவது. பயணச் செலவை மாதாமாதம் கொடுப்பது. இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சுகாதாரத் துறையில் கிராம சுகாதார செவிலியர் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இப்படித்தான் இயங்குகிறது. ஊருக்குத் தெரிந்த ஒரு முகம், போனால் ஊர் கதவு திறக்கும்.

ஊர் அளவிலும் ஓர் அமைப்பு உண்டு: கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. பல ஊராட்சிகளைக் கவனிக்கும் ஓர் அதிகாரி, உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளையைப் பற்றித் தானாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. கிராம சபையில் எழுந்து, இந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, தீர்மானப் புத்தகம் எங்கே என்று கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு வாய்ப்பு இருக்கிறது.

மாவட்ட அளவில் அறிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியிலிருந்து காலி? குழந்தைகள் நலக் குழுவில் இன்று எத்தனை உறுப்பினர்கள் இருக்கிறார்கள்? கடந்த நிதியாண்டில் வந்த தொகை எவ்வளவு, எந்தெந்தத் தேதியில் வந்தது, செலவானது எவ்வளவு? நிதி ஆதரவு கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஒப்புதல் பெற்றவை எத்தனை, அவற்றுக்கு ஒப்புதல் தரும் குழு கூடிய தேதிகள் என்ன? எந்தக் குழந்தையின் பெயரையும் கேட்காதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். தேதிகளைக் கேட்க மட்டும் மறந்துவிட வேண்டாம். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஐந்து மாத இடைவெளி இருந்தால், எல்லாச் சான்றிதழையும் வாங்கிக் கொடுத்துவிட்ட ஓர் அம்மா அந்த ஐந்து மாதமும் 4,000 ரூபாய்க்காகக் காத்திருந்திருக்கிறார் என்று அந்தப் பதிலை வைத்தே ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கலாம்.